தோட்டம் வர்த்தகப் பூங்காவாகும்போது



விடியற்காலையில் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்கு நடக்கும்போது, நிரைக்கு நடுவே முக்காலிக் கருவியோடு நான்கு பேர் நிற்கிறார்கள். ஆங்காங்கே மரத்தில் சிவப்புச் சாயம் தடவிக்கொண்டு போகிறார்கள். மண்டோரைக் கேட்டால், "கம்பெனி நிலம் அளக்குது" என்கிறார். கிராணியைக் கேட்டால், "எனக்கும் ஒன்றும் தெரியாது" என்கிறார். ஓராண்டு கழிகிறது. பெரிய சாலை முனையில் ஒரு நாள் பலகை ஒன்று முளைக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களும் அகலமான சாலைகளும் அந்தப் பலகையில் வரையப்பட்டிருக்கின்றன. அங்கே வர்த்தகப் பூங்கா ஒன்று வரப்போகிறதாம். அதன் பிறகுதான் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்து சேருகிறது.

பல தோட்டங்களில் கதை ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறது. அப்போது நம் மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "மன்றம் இதை எப்போது முடிவு செய்தது? நம்மை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?" நியாயமான கேள்விகள். இன்றைய உரையில் இந்த இரண்டுக்கும் விடை காண முயல்வோம். விடை தெரிந்தால், அடுத்த தோட்டத்திலாவது கேள்வி சரியான நேரத்தில் எழும் அல்லவா?

தோட்ட நிலம் வேறு பயனுக்குப் போவது புதிய செய்தியன்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் துண்டாடலுக்கு மறுமொழியாகத்தான் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் முயற்சி அது.

பிற்காலத்தில் வந்த மாற்றம் வேறு வகையைச் சேர்ந்தது. இப்போது தோட்டம் சிறு தோட்டமாகத் துண்டாவதில்லை, நகரமாகிறது. 1921இல் தொடங்கப்பட்ட பிராங் பெசார் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் 1990களின் நடுவிலிருந்து புத்ராஜெயா ஆயின. அதன் பக்கத்திலேயே 1997 மே மாதம் சைபர்ஜெயா தொடங்கி வைக்கப்பட்டது. கணினித் தொழிலுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. கோலாலம்பூர் எல்லையில் இருந்த புக்கிட் ஜாலில் தோட்டத்தின் பெயரை இன்று தேசிய விளையாட்டரங்கமும் தொழில்நுட்பப் பூங்காவும் தாங்கி நிற்கின்றன. பிராங் பெசார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் டிங்கிலில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்த வீடுகளின் குறைகள் பற்றிய முறையீடு அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்தது.

வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டடம் நிற்கும் மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஒரு வீடும், கோயிலும், பள்ளியும் மிஞ்சுமா என்பதே கேள்வி. அந்தக் கேள்வி முடிவாகும் இடங்களுள் ஒன்று ஊராட்சி மன்றம்.

முதலில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்ப்போம். தோட்டம் வர்த்தகப் பூங்காவாவது ஒரே ஒரு முடிவால் அன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கதவுகள் திறந்தாக வேண்டும்.

முதல் கதவு திட்டம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், அஃதாவது 172ஆம் சட்டம், தீபகற்ப மலேசியாவில் எங்கே எது வரலாம் என்பதை முன்கூட்டியே வரைந்து வைக்கச் சொல்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஓர் அமைப்புத் திட்டம் உண்டு. மலாயில் இதை ரன்சாங்கான் ஸ்ட்ருக்தூர் என்பார்கள். அதற்குக் கீழே மாவட்டத்துக்கோ மன்றத்தின் எல்லைக்கோ விரிவான உள்ளூர்த் திட்டம் இருக்கும். இதுவே ரன்சாங்கான் தெம்பாத்தான். இந்த உள்ளூர்த் திட்டத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். விவசாயத்துக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு நிறம், வர்த்தகத்துக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம். படத்தின் ஓரத்தில் எந்த நிறம் எதற்கு என்ற பட்டியல் இருக்கும். நாம் குடியிருக்கும் லயத்தின் மேல் எந்த நிறம் பூசியிருக்கிறது என்பதை அதைக் கொண்டு அறியலாம்.

இரண்டாவது கதவு நிலம். நிலம் நம் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் அதிகாரம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலப்பயனை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்றாக வகுக்கிறது. தோட்டத்தின் கெராணில் பொதுவாக விவசாயம் என்று இருக்கும். அதை மாற்ற நில அலுவலகத்தின் வழியாக மாநில அரசின் சம்மதம் வேண்டும்; அதற்குப் பிரிமியம் கட்ட வேண்டும். அதுவுமன்றி, 40 ஹெக்டருக்குக் குறையாத, அஃதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் கொண்ட தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் சம்மதம் தேவை என்றும் அந்தச் சட்டத்தில் விதி இருக்கிறது. முன்பு நடந்த துண்டாடலின் அனுபவத்தில் பிறந்த விதி இது.

மூன்றாவது கதவு திட்ட அனுமதி. மலாயில் கெபெனாரான் மெரன்சாங். இதை வழங்குவதுதான் ஊராட்சி மன்றத்தின் வேலை. மாவட்ட மன்றமாகவோ நகராண்மைக் கழகமாகவோ மாநகர் மன்றமாகவோ அது இருக்கலாம். அனுமதி இல்லாமல் யாரும் நிலத்தில் கட்டட வேலையையோ வேறு மேம்பாட்டையோ தொடங்கக் கூடாது. இதற்குப் பிறகு சாலை, கால்வாய், மண் வேலை, கட்டடப் படங்கள் என்று வேறு அனுமதிகளும் வரும். அவை பெரும்பாலும் பொறியாளர்களின் விவகாரம், அவற்றை விட்டுவிடுவோம்.

இவற்றோடு சுற்றுச்சூழல் இலாகாவும் உண்டு. 20 ஹெக்டருக்குக் குறையாத தொழிற்பேட்டை வருமானால், 2015ஆம் ஆண்டின் ஆணைப்படி சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்க வேண்டும். வர்த்தகப் பூங்காவோடு வீடும் கடையும் சேர்ந்து, 10,000 பேருக்கு மேல் வாழும் அல்லது 100 ஹெக்டருக்கு மேல் பரவும் புதிய நகரமாக அமையுமானால், தேசியத் திட்ட மன்றத்தின் ஆலோசனையையும் பெற்றாக வேண்டும்.

இனி நமது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம்மை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

இங்கேதான் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வரும்போது மன்றம் எல்லாரையும் கேட்பதில்லை. உள்ளூர்த் திட்டம் இன்னும் வராத பகுதியாக இருந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபித்தவர்கள் கேட்டால், மன்றம் அவர்களை அழைத்து விசாரிக்க வேண்டும். பக்கத்து நிலம் என்றால் எது என்பதையும் சட்டமே சொல்கிறது. ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ நடுவில் இருக்கும் நிலம், முட்டுச் சந்தை வழியாகக் கொண்ட இடமானால், அந்தப் பாதையைச் சேர்ந்து பயன்படுத்தும் 200 மீட்டருக்குட்பட்ட நிலம். அவ்வளவுதான்.

இதில் "உரிமையாளர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கெராணில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். தோட்டத்தின் கெராணில் இருப்பது கம்பெனியின் பெயர். விண்ணப்பம் செய்வதும் அதே கம்பெனி, அல்லது அதனிடமிருந்து வாங்கியவர். நாம் நாற்பது ஆண்டு குடியிருந்தாலும், அந்த வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்தாலும், இந்தப் பிரிவின் கண்ணில் நாம் உரிமையாளரும் அல்லர், பக்கத்து நிலக்காரரும் அல்லர். ஆகவே கடிதம் வேலிக்கு அப்பால் கம்பத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போகலாம். வேலிக்கு உள்ளே இருக்கும் நமக்கு வராது. சில மாநிலங்களில் கூடுதல் விதிகள் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்.

உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே வந்துவிட்ட பகுதியில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே மக்கள் கருத்துச் சொல்லும் காலம் திட்டம் வரைந்தபோதே முடிந்துவிட்டது என்பதே சட்டத்தின் போக்கு. அந்தத் திட்டத்தில் நம் தோட்டத்துக்கு வர்த்தக நிறம் பூசியாகிவிட்டது என்றால், பின்னால் வரும் விண்ணப்பம் அந்த நிறத்துக்கு ஒத்துப்போகிறது என்று சொல்வதற்கு மன்றத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? உண்டு. அது முதல் கதவில் இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபங்களுக்கு இடம் தர வேண்டும். இந்த நான்கு வாரத்தில் கருத்துச் சொல்ல நிலம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகைக்கு இருப்பவரும், தோட்ட வீட்டில் இருப்பவரும், கோயில் நிர்வாகமும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுதலாம். நேரில் வந்து சொல்ல விரும்புகிறோம் என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். பின்னாளில் திட்டத்தைத் திருத்தி நிறத்தை மாற்றுவதானாலும், மறுபடியும் மக்களுக்கு அறிவித்தே செய்ய வேண்டும்.

அளவுக்காரர் மரத்தில் சாயம் தடவும்போது நாம் விழித்தால் தாமதம். பலகை நட்டபோது விழித்தால் இன்னும் தாமதம். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு சாலையில் உட்கார்வது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போன்றது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வைக்கப்படும் அந்த நான்கு வாரம்தான் நம் வார்த்தைக்கு எடை அதிகம் உள்ள காலம். ஆனால் அந்த நான்கு வாரத்தில் மன்றத்தின் கூடத்துக்குச் சென்று படத்தைப் பார்ப்பவர்களில் தோட்டத்து மக்கள் எத்தனை பேர்? காலையில் வேலை, மாலையில் களைப்பு, அறிவிப்போ நாம் வாங்காத செய்தித்தாளில். குறை நம்மிடம் மட்டும் இல்லை. ஆனாலும் இழப்பு நம்முடையதாகிவிடுகிறது.

இப்போது மன்றத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஒரு மன்றத்தில் தலைவரோடு 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவை இல்லாமலே போயின. மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் கடிதமும் நேரில் சென்று பேசுவதும்தான் நமது கருவிகள். உங்கள் வட்டாரத்துக்கு எந்த மன்ற உறுப்பினர் பொறுப்பு என்பதை மன்ற அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அவரிடம் போவது சலுகை கேட்பதாகாது. அவர் அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால் அதன் செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த விதி இல்லை. திட்ட அனுமதி பெரும்பாலும் முடிவாவது, 2007ஆம் ஆண்டிலிருந்து மன்றங்களில் அமைக்கப்பட்ட ஒரே முகப்பு நிலையத்தின் குழுவில்தான். ஆகவே முழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். கடிதம் அந்தக் குழு கூடுவதற்கு முன்பே மன்றத்தின் கோப்பில் இருக்க வேண்டும்.

மன்றம் ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து மூன்று வகையில் முடிவு செய்யலாம். அப்படியே அனுமதிக்கலாம், மறுக்கலாம், நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம். பெரிய வர்த்தகப் பூங்காவுக்கு நிபந்தனை இல்லாத அனுமதி கிடைப்பது அரிது. சாலை எவ்வளவு அகலம், மழைநீர் எங்கே தேங்கி எங்கே வடிய வேண்டும், திறந்த வெளி எவ்வளவு, பொது வசதிக்கு எந்தத் துண்டு நிலம் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். நமது வேண்டுகோள் அந்தப் பட்டியலில் ஏறுமானால், அது வெறும் வாய்வார்த்தையாக நின்றுவிடாது. மேலாளர் மாறலாம், கம்பெனி கைமாறலாம். நிபந்தனை கோப்பில் இருக்கும்.

என்ன வேண்டுகோள்? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கோயில். நம் முன்னோர்கள் மரத்தடியில் சூலம் நட்டு எழுப்பிய மாரியம்மன் கோயிலானாலும், அது நிற்கும் நிலம் கம்பெனியின் கெராணில்தான் இருக்கிறது. நிலம் விற்கப்பட்டுப் புதியவர் கைக்குப் போனதும், நூறாண்டுக் கோயிலையும் அனுமதியற்ற கட்டடம் என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு மருந்து, பூங்காவின் மனைப் படத்திலேயே இஸ்லாம் அல்லாத வழிபாட்டு இடம் என்று ஒரு துண்டு நிலத்தைக் குறிக்கச் செய்வதாகும். மலாயில் ரூமா இபாடாட் புக்கான் இஸ்லாம் என்று எழுதுவார்கள். படத்தில் ஓர் எண்ணோடு அந்தத் துண்டு இருந்தால், பின்னால் அதற்குத் தனி நில ஆவணம் கேட்க வழி பிறக்கும். படத்தில் இல்லாவிட்டால் அது வெறும் கருணையாகவே இருக்கும்.

இரண்டாவது பள்ளி. நாட்டிலுள்ள ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பல, தோட்ட நிலத்தில் பிறந்தவை. குடும்பங்கள் கலைந்து போனால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பள்ளி மெலியும். ஆகவே பள்ளி இருக்கும் இடத்திலேயே நிற்பதா, பூங்காவையொட்டி வரும் குடியிருப்புக்கு மாற்றுவதா என்பதைக் கல்வி இலாகாவோடு பேசி, பள்ளிக்குரிய நிலத்தை மனைப் படத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

மூன்றாவது வீடு. இதுதான் மிகக் கடினமானது. வீட்டுக்கான நிலம் திட்டத்துக்குள் இருக்கிறதா, எத்தனை வீடு, எப்போது முடியும், பூங்காவின் முதல் கட்டத்துக்கு முன்பா கடைசிக் கட்டத்துக்குப் பின்பா என்று கேட்க வேண்டும். காலம் குறிப்பிடாத வாக்குறுதி பாதி வாக்குறுதிதான்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்வோம். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அதன் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பின், தொழிலாளர் குடும்பங்கள் 1980களில் தற்காலிகம் என்ற பெயரில் நீண்ட வீட்டில் குடியமர்த்தப்பட்டன. அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. பிறகு 2017இல் அந்த இடத்தையும் அதையொட்டிய ரிம்பா கியாரா பூங்காவையும் சேர்த்து உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான நிரந்தர வீடுகளும் அதே திட்டத்துக்குள் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கோலாலம்பூர் அமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பூங்காவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களின் வாதங்களுள் முக்கியமானது. உயர்நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிப்படுத்தியது. அனுமதி செல்லாமல் போயிற்று.

நேயர்களே, இந்தத் தீர்ப்பில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று மகிழ்ச்சி தருவது. சட்டப்படி வெளியிட்ட திட்டம் வெறும் அலங்காரப் படம் அன்று. மன்றம் தன் விருப்பம்போல் அதைத் தாண்டிப் போக முடியாது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே கூறிவிட்டது. மற்றொன்று மனத்தை வருத்துவது. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் நியாயத்தின் பக்கம் இருந்தார்கள். நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்த தோட்டக் குடும்பங்களும் நியாயத்தின் பக்கமே இருந்தன. ஆனால் அவர்களுடைய வீட்டை வேறொரு பெரிய திட்டத்தின் வாலில் கட்டிவிட்டதால், அந்தத் திட்டம் விழுந்தபோது வீட்டுக்கான ஏற்பாடும் அதோடு விழுந்தது. வீட்டுக்கு முதலிலேயே தனி நிலமும் தனிக் காலக்கெடுவும் கிடைத்திருந்தால், இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்திருக்காது. நம் வீடு இன்னொருவரின் இலாபத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்பதை எந்தத் திட்டத்திலும் முதலில் பாருங்கள்.

இனி, மன்றத்தால் முடிவு செய்ய முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வேலை இழப்புக்கான பணம் மன்றத்தின் விவகாரம் அன்று. அதற்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க நலன் விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். இருபத்திரண்டு ஆண்டு வெட்டுக்காட்டில் உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம் வரவேண்டும். முன்னறிவிப்புக் காலமும் உண்டு. வேலை ஒப்பந்தத்தில் காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வாரம். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பணத்தைக் காட்டி, "அதுதான் வீட்டுக்கும் சேர்த்து" என்று யாராவது சொன்னால், இரண்டும் வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நாம் செய்யக் கூடியது என்ன என்று பார்ப்போம்.

உங்கள் தோட்டம் எந்த மன்றத்தின் எல்லையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மன்றத்தின் குப்பை லாரி தோட்டத்துக்குள் வராததால், மன்றத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணுபவர்கள் உண்டு. நிலத்தின் நிறத்தைத் திட்ட வரைவில் குறிப்பது அந்த மன்றந்தான்.

அடுத்து, உள்ளூர்த் திட்டத்தைப் பாருங்கள். மன்றத்தின் திட்டப் பிரிவில் கேட்கலாம். நகர, கிராமத் திட்ட இலாகாவின் ஐ-பிளான் என்ற இணைய வரைபடத்தை உங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியிலேயே திறந்து காட்டிவிடும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத மலாய் வார்த்தையைப் படித்துச் சொல்லும் வேலையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்; படிப்புக்கும் அது நல்லது.

மூன்றாவதாக, தோட்டத்தில் ஒரு குழு அமையுங்கள். கோயில் தலைவர், தொழிற்சங்கச் செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவர், பெண்களில் இருவர் என்றால் போதும். பெண்களை ஏன் தனியாகச் சொல்கிறோம்? தண்ணீர், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூட வழி ஆகிய மூன்றையும் நாள்தோறும் நடந்து அறிந்தவர்கள் அவர்களே. வீட்டைத் தள்ளிக் கட்டினால் எது அறுந்துபோகும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நான்காவதாக, எழுதுங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, பள்ளியில் எத்தனை பிள்ளை, கோயில் எந்த இடத்தில் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு என்ன வேண்டும் என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு எழுதுங்கள். "எங்கள் வாழ்வைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் அதிகாரி இரக்கப்படுவார். "மனைப் படத்தில் கோயிலுக்கு நிலம் குறிக்க வேண்டும்" என்று எழுதினால் அவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தின் நகலில் மன்றத்தின் சாப்பும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நில அலுவலகத்துக்கும் ஒவ்வொரு நகல் அனுப்புங்கள்.

மன்றத்தின் முடிவு தவறு என்று தோன்றினால், மேல்முறையீட்டு வாரியம் ஒன்று இருக்கிறது. ஆனால் விண்ணப்பதாரரும், முன்பே ஆட்சேபித்த பக்கத்து நில உரிமையாளரும் மட்டுமே அங்கே போகலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள். மற்றவர்கள் உயர்நீதிமன்றத்தில் முடிவை மறு ஆய்வு செய்யக் கேட்கலாம். அதற்கு மூன்று மாதம். இரண்டு இடத்திலும் நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். சட்ட உதவி கேட்பதற்கும் அந்தச் சாப்பு குத்திய கடிதம்தான் முதல் சான்று.

நேயர்களே, இந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது நம் தாத்தாக்களின் கைகள். ஆனால் அவர்கள் பெயர் எந்தக் கெராணிலும் ஏறவில்லை. இப்போது அந்த மண்ணில் புதிய படம் ஒன்றை வரைகிறார்கள். படம் வரையும் அறையின் கதவு ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. திறந்திருக்கும் நான்கு வாரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். இவ்வாரம் ஒரு நாள் மாலையில், உங்கள் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம் எந்த ஆண்டில் வந்தது, அடுத்த திருத்தம் எப்போது என்று மன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.